நிகழாத கலவரத்தின் காரணம்: பொது வன்முறைத் தடுப்பில் ஆராய்ச்சி முறைகள்

மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியில், செம்பூரிலிருந்து டிராம்பே நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டித் தேவ்நார் என்னும் இடம் அமைந்துள்ளது. நகரவாசிகள் அதனை இரண்டு காரணங்களால் நன்கறிவர். ஒன்று, 1927-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பெருங் குப்பைக் கிடங்கு. மற்றொன்று, நகராட்சியின் இறைச்சிக் கூடம். மூன்றாவதாக ஒன்றும் அங்குண்டு. டாட்டா சமூக விஞ்ஞானக் கழகம் 1954-ஆம் ஆண்டிலிருந்து அங்கேதான் இயங்கி வருகிறது. மனிதர் கூட்டமாகச் சேர்ந்து மனிதரைத் தாக்கும் தீங்கு எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு பரவுகிறது, எவ்விடத்தில் அது தடைப்பட்டு நிற்கிறது என்னும் ஆராய்ச்சிக்கு இந்திய நாட்டில் பொருத்தமான இடம் ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், இவ்விடத்தைச் சுட்டுதல் தகும்.

இக்கழகத்தின் பிறப்பே அத்தகைய சூழலில் நிகழ்ந்தது. அமெரிக்க நாட்டினரான கிளிஃபர்டு மான்ஷார்ட் என்பார் பம்பாயின் நாக்பாடாப் பகுதியில் சமூக நல இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். பல மதத்தினரும் பல மொழியினரும் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. 1929-ஆம் ஆண்டிலும் 1932-ஆம் ஆண்டிலும் பம்பாய் நகரம் கடுமையான வகுப்புக் கலவரங்களைக் கண்டது. 1936-ஆம் ஆண்டில் சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் சமூகப் பணிப் பள்ளி தோற்றுவிக்கப்பட்டபோது மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநரானார். அதே ஆண்டில் இந்து முஸ்லிம் பிரச்சினை குறித்து அவர் எழுதிய நூலும் வெளிவந்தது. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்றவர் டாக்டர் ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் சகோதரர், தஞ்சையில் வேர்கொண்ட குடும்பத்தினர். 1944-இல் பள்ளி தன் இன்றைய பெயரைப் பெற்றது. 1964-இல் அது பல்கலைக்கழகத்துக்கு நிகரான நிலையை எய்தியது.

கேள்வியைத் திருப்பிப் போடுதல்

பொது வன்முறையை ஆராய்வோர் முதலில் கேட்கும் கேள்வி, "இது ஏன் நிகழ்ந்தது?" என்பது. இயல்பான கேள்விதான், ஆனால் அது ஆராய்ச்சியாளரை எளிதில் வழி தவறச் செய்யும். கலவரம் நிகழ்ந்த ஊருக்குச் சென்று பார்ப்பவர் அங்கே வறுமையைக் காண்பார்; நெருக்கடியான குடியிருப்பைக் காண்பார்; வேலையற்ற இளைஞரைக் காண்பார்; பழைய பகையைக் காண்பார். இவையே காரணங்கள் என்று எழுதியும் விடுவார். அதே வறுமையும் நெருக்கடியும் பகையும் உள்ள அடுத்த ஊரில் ஒன்றும் நிகழவில்லை என்பது அவர் கண்ணில் படுவதில்லை. ஏனெனில் ஒன்றும் நிகழாத ஊருக்கு எவரும் செல்வதில்லை. மலேரியாவை ஆராயும் மருத்துவர் நோயாளிகளை மட்டும் பார்த்துவிட்டு, நோய் காணாதவரைப் பாராமல் விட்டால் அவர் முடிவு எத்தகையதாக இருக்கும்?

இக்குறையை உணர்ந்து கேள்வியைத் திருப்பிப் போட்டவருள் ஒருவர் வால்டர் ரெக்லெஸ். அமெரிக்கக் குற்றவியல் அறிஞரான இவர், ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணராக 1951-52-ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து, டாட்டா கழகத்தில் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தியவர். தாய்நாடு திரும்பிய பின், 1956-இல் தம் சகாக்களுடன் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் குற்றங்கள் மலிந்த பேட்டைகளைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஆசிரியர்களிடம், "உங்கள் வகுப்பில் எந்தச் சிறுவர் ஒருபோதும் போலீசார் கையில் சிக்கமாட்டார் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டனர். அவ்வாறு சுட்டப்பட்ட சிறுவர்களையும் அவர்தம் தாய்மாரையும் கண்டு பேசினர். கெட்ட சூழலிலும் கெடாத சிறுவனிடம் தன்னைப்பற்றிய ஒரு நல்லெண்ணம் காப்புறைபோல் அமைந்திருப்பதாக ரெக்லெஸ் முடிவு கட்டினார். மின்கம்பியைச் சுற்றிய ரப்பர் உறையை நினைத்துக்கொண்டால் அவர் கருத்து விளங்கும். நல்லெண்ணம் காரணமா, அல்லது நல்ல பெயர் எடுத்ததன் விளைவா என்று பின்வந்தோர் ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. எனினும் அவர் கேட்ட கேள்வியின் வடிவம் நிலைத்தது.

இந்திய அரசாங்கமும் அக்காலத்தில் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. பிரிவினையின்போது பாய்ந்த இரத்தம் உலராத அந்நாட்களில், சமூகப் பூசல்களின் மூலத்தை ஆராய உதவுமாறு யுனெஸ்கோ நிறுவனத்தை அது கேட்டுக்கொண்டது. அதன்படி உளவியல் அறிஞர் கார்டனர் மர்ஃபி 1950-இல் இந்தியா வந்தார். அலிகாரில் பார்ஸ் ராம், லக்னோவில் காளி பிரசாத், கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளிடையே பி. எஸ். குஹா எனப் பல இந்திய அறிஞர்கள் இப்பணியில் ஈடுபட்டனர். மர்ஃபியின் நூல் 1953-இல் வெளிவந்தது. இந்திய மண்ணில் பகையுணர்ச்சியைப் பேட்டியாலும் கணக்காலும் அளக்க முயன்ற முதல் பெருமுயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பம்பாய், 1992-93

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து பம்பாயில் கலவரம் மூண்டது. அது இரண்டு கட்டங்களாக நிகழ்ந்தது: முதலாவது டிசம்பர் மாதத்தில் சில நாட்கள், இரண்டாவது 1993-ஆம் ஆண்டு ஜனவரியில். தாராவி, கோவண்டி, தேவ்நார் ஆகிய பகுதிகளும் இதில் துன்புற்றன. நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் காவல் நிலையம் காவல் நிலையமாகச் சாட்சியங்களைத் தொகுத்து, 1998-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தன் அறிக்கையை அளித்தது. அதன்படி இறந்தோர் 900 பேர். அவருள் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275, இன்னாரென அறியப்படாதவர் 45, ஏனையோர் 5.

ஆராய்ச்சி மாணவன் இவ்வறிக்கையில் ஊன்றி நோக்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. அது மரணம் நேர்ந்த வகையைப்பற்றியது. போலீசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் இறந்தோர் 356, கத்திக்குத்தினால் 347, தீவைப்பினால் 91, கும்பலின் தாக்குதலால் 80, தனியாரின் துப்பாக்கியால் 22, பிற வகையில் 4. கலவரம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது பெருங்கூட்டம் வெறிகொண்டு பாயும் காட்சி. கணக்கோ வேறு விதமாகப் பேசுகிறது. கூட்டத்தின் நேரடித் தாக்குதலால் மாண்டவர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சந்து முனையில் ஓரிருவர் நடத்திய கத்திக்குத்து அதனினும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அடக்கும் பொருட்டு எடுக்கப்பட்ட துப்பாக்கியோ எல்லாவற்றினும் மிகுதியாகக் கொண்டது. எனவே கூட்டத்தின் மனநிலையை மட்டும் ஆராய்வது போதாது. காவற்படை எந்த வேளையில், எவ்வகைக் கருவியை, எவரை நோக்கிப் பயன்படுத்துகிறது என்பதும் வன்முறைத் தடுப்பு ஆராய்ச்சியின் பொருளே ஆகும். காவற்படையின் சில பிரிவுகளிடம் காணப்பட்ட பாரபட்சத்தையும் ஆணையம் மறைக்காமல் எழுதியது.

கலவரம் ஓய்ந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 1993-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், நகரின் பல இடங்களில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 257 பேர் மாண்டனர். கலவரத்தையும் பயங்கரவாதத்தையும் வெவ்வேறு அலமாரிகளில் வைத்து ஆராய்வது வழக்கம். இந்நகரின் அனுபவம் அவ்வழக்கத்துக்கு இடந்தரவில்லை.

நகரங்களின் கணக்கு

அரசியல் விஞ்ஞானி அசுதோஷ் வார்ஷ்ணே, ஸ்டீவன் வில்கின்சன் என்பாருடன் சேர்ந்து, 1950 முதல் 1995 வரையுள்ள 46 ஆண்டுகளின் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' இதழ்களைப் புரட்டி, இந்து முஸ்லிம் கலவரங்களின் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். நாள், ஊர், காரணம், இறந்தோர் தொகை ஆகியவற்றைக் குறித்தனர். பத்திரிகைச் செய்தியைச் சான்றாகக் கொள்வதில் குறைகள் உள்ளன. ஆயினும் வேறு நீண்ட சான்று கிட்டாத நிலையில் இது பயனுடைய முயற்சியே.

அப்பட்டியல் காட்டிய உண்மைகள் பலருக்கும் வியப்பளித்தன. நாட்டின் மக்களுள் மூன்றில் இரு பங்கினர் வாழ்ந்த கிராமங்களில் நிகழ்ந்த மரணங்கள் மொத்தத்தில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. எஞ்சியவை நகரங்களுக்கு உரியவை. நகரங்களிலும் எல்லாவற்றுக்கும் அல்ல. ஆமதாபாது, பம்பாய், அலிகார், ஐதராபாது, மீரட், பரோடா, கல்கத்தா, டில்லி ஆகிய எட்டே நகரங்களில் ஏறத்தாழப் பாதி மரணங்கள் நேர்ந்தன. நகர மக்களுள் நூற்றுக்கு 18 பேரே இவ்வெட்டு நகரங்களில் வாழ்ந்தனர். ஆகவே, இரு சமூகத்தாரிடையே உள்ள பகை இயற்கையானது, நாடு முழுதும் பரந்தது என்று சொல்லப்படும் கூற்று கணக்கின் முன் நிற்கவில்லை.

அடுத்த படியாக வார்ஷ்ணே நகரங்களை இரண்டிரண்டாக இணைத்து ஒப்பிட்டார். முஸ்லிம் மக்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரு நகரங்கள்; ஒன்று கலவரத்துக்குப் பேர்போனது, மற்றது அமைதியானது. அலிகாருக்கு இணை கோழிக்கோடு, ஐதராபாதுக்கு லக்னோ, ஆமதாபாதுக்குச் சூரத். வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே மண்ணுள்ள இரு பாத்திகளில் வேறுவேறு உரமிட்டு ஒப்பிடுவதற்கு ஒப்பானது இம்முறை. கோழிக்கோட்டில் பேட்டி காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர், இரு சமூகத்தாரும் பொது நிகழ்ச்சிகளில் அடிக்கடி ஒன்றாக உண்பதாகக் கூறினர். அலிகாரில் அவ்வாறு கூறியவர் 54 பேர். பிள்ளைகள் சேர்ந்து விளையாடுகின்றனர் என்று கோழிக்கோட்டில் ஏறத்தாழ 90 பேரும், அலிகாரில் 42 பேரும் சொல்லினர்.

ஆயினும் அவர் முதலிடம் கொடுத்தது சேர்ந்துண்ணும் வழக்கத்துக்கு அன்று. வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசக சாலை, கட்சிக் கிளை போன்ற அமைப்புகளில் இரு சமூகத்தாரும் உறுப்பினராயிருத்தலே வலிய கவசம் என்றார். காரணம் எளிது. சிற்றூரில் அண்டை வீட்டாரின் நட்பே போதும். அங்கே எல்லோரும் எல்லோரையும் அறிவர். பல இலட்சம் பேர் வாழும் நகரில் ஒருவரை ஒருவர் அறியார். அங்கே சங்கமே அண்டை வீட்டின் இடத்தை நிரப்புகிறது. கோழிக்கோட்டு வியாபாரிகள் சங்கங்கள் பலவற்றில் தலைவர் ஒரு சமூகத்தவராகவும் செயலாளர் மற்றச் சமூகத்தவராகவும் இருந்தனர். கடையடைப்பினால் இருவருக்கும் நட்டம். ஆகையால் கல்லெறி தொடங்குமுன்பே இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்கின்றனர். வணிகத்தின் இப்பயன் பழமையானது போலும். மத்திய காலத்தில் கடல்கடந்த வாணிபம் நடந்த துறைமுக நகரங்கள், ஏறத்தாழ 1850 முதல் 1950 வரையுள்ள காலத்தில் ஏனைய நகரங்களைவிட ஐந்து மடங்கு குறைவாகவே இத்தகைய கலவரத்துக்கு ஆளாயின என்று சௌமித்ரா ஜா 2013-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது.

இக்கொள்கை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. பால் பிராஸ் என்னும் அறிஞர் அலிகாரில் பல்லாண்டுகள் ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டு தம் நூலில், கலவரம் தானே மூள்வதன்று, மூட்டப்படுவது என்றார். நாடகத்துக்கு உள்ளதுபோல் அதற்கும் ஒத்திகை, அரங்கேற்றம், பின்னர் விளக்கவுரை என்ற மூன்று படிகள் உண்டென்பது அவர் கருத்து. பட்டியலைச் சேர்ந்து தொகுத்த வில்கின்சனோ 2004-இல் வேறொரு முடிவுக்கு வந்தார்: சிறுபான்மையோரின் வாக்கு எந்த மாநில அரசுக்குத் தேவையோ அந்த அரசு போலீசைக் கொண்டு கலவரத்தை விரைவில் அடக்கும். ஒரே புள்ளிவிவரத்திலிருந்து இருவர் இரு முடிவுகளைக் கண்டது இத்துறையின் குறையன்று. கணக்கு தானாகப் பேசாது என்பதற்கு அது சான்று. கோழிக்கோடும் பின்னர்ச் சோதனைக்குள்ளாயிற்று. அந்நகரை அடுத்த மாராடு கடற்கரையில் 2002-இலும் 2003-இலும் கொலைகள் நிகழ்ந்தன. அவை நகர் முழுவதையும் பற்றிக்கொள்ளவில்லை என்பது உண்மை. கவசத்திலும் ஓட்டை உண்டென்பதும் உண்மை.

பிவண்டியில் ஒரு சோதனை

மேற்கூறியவை பழைய பதிவுகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகள். நடைமுறையில் செய்து பார்த்த ஒன்று மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டியில் உண்டு. விசைத்தறிகள் நிறைந்த இந்நகரில் 1970-ஆம் ஆண்டு மே மாதம் கொடிய கலவரம் நிகழ்ந்தது, நீதிபதி டி. பி. மதன் ஆணையம் அதனை விசாரித்தது. 1984-இல் மீண்டும் கலவரம் மூண்டு பம்பாய்வரை பரவியது. பம்பாயில் தீப்பிடித்தால் பிவண்டியும் எரியும் என்பது அந்நாளைய பொது அபிப்பிராயமாக இருந்ததில் வியப்பில்லை.

1980-களின் இறுதியில் அங்குப் போலீஸ் துணை ஆணையராகப் பொறுப்பேற்ற சுரேஷ் கோபடே, பேட்டைதோறும் மொகல்லாக் குழுக்களை அமைத்தார். அமைதிக் குழு என்ற பெயரில் அதற்கு முன்பும் குழுக்கள் இருந்தன. ஆனால் அவை கலவரம் மூண்ட பின் கூட்டப்படுபவை; ஊர்ப் பிரமுகர்கள் வந்து தேநீர் அருந்திக் கலைபவை. கோபடேயின் குழுக்கள் அமைதியான காலத்திலேயே கூடின. இரு சமூகத்தாரும் சம எண்ணிக்கையில் இடம்பெற்றனர். பேசப்பட்டவையும் பெரும்பாலும் மதத்தைப்பற்றியவை அல்ல. தண்ணீர்க் குழாய்ச் சண்டை, சாக்கடை, வாடகைத் தகராறு, காணாமற்போன மிதிவண்டி போன்ற அன்றாடக் காரியங்களே கூட்டங்களை நடத்திச் செல்லும். காவல் நிலையத்துக் கடைநிலைக் காவலரும் இக்கூட்டங்களுக்கு வந்ததால், பேட்டை மக்கள் அவரைச் சீருடையில் அன்றி முகத்தால் அறிந்தனர். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது பிவண்டி எரியவில்லை.

விஞ்ஞான நோக்கில் இது முழுமையான சான்றாகுமா? ஆகாது. ஒரே ஊர், ஒரே அதிகாரி. ஒப்பு நோக்க இணையூர் இல்லை. அவ்வதிகாரி மாற்றலாகிச் சென்றபின் குழுக்கள் எத்தனை காலம் உயிரோடிருக்கும் என்பது வேறு கேள்வி. எனினும், கலவரம் நிகழும் என எல்லோரும் எதிர்பார்த்த ஊரில் அது நிகழவில்லை என்பது சிறு செய்தியன்று. கலவரத்துக்குப் பின் மும்பையிலும் இம்முறை கைக்கொள்ளப்பட்டது. போலீஸ் ஆணையர் சதீஷ் சாஹ்னி, ஓய்வுபெற்ற அதிகாரி ஜூலியோ ரிபைரோ, சமூக ஊழியர் சுஷோபா பார்வே முதலியோர் மொகல்லாக் குழு இயக்கத்தைத் தொடங்கினர்.

தாராவியில் இப்பணி மேற்கொண்ட இருவரைப்பற்றி இங்குக் கூறாதிருத்தல் இயலாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற இந்துக்களும் முஸ்லிம்களும், குஜராத்திலிருந்து வந்த குயவரும், வடநாட்டுத் தையற்காரரும் தோளோடு தோள் உரச வாழும் இடம் தாராவி. அங்கே பாவு கோர்டே என்பாரும் ஆடைத் தொழில் நடத்திய வகார் கான் என்பாரும் நண்பராகி, "நாமெல்லாம் ஒன்று" என்னும் பொருள்பட இந்தி வாசகம் பொறித்த சுவரொட்டி ஒன்றைப் பரப்பினர். நான்கு மதத்தாரின் உடைகளில் நான்கு குழந்தைகள் அதில் நிற்பர். தேவ்நார்க் கழகத்தின் ஆசிரியர்களான அஞ்சலி மொன்டேரோ, கே. பி. ஜெயசங்கர் ஆகிய இருவரும் இந்நட்பைப் பொருளாகக் கொண்டு 2003-இல் 'நாதா' என்னும் ஆவணப் படத்தை எடுத்தனர். உறவு, பிணைப்பு என்பது அச்சொல்லின் பொருள். சுவரொட்டியால் கலவரம் நிற்குமா என்று நகைப்போர் இருக்கலாம். சுவரொட்டியை ஒட்டச் செல்பவர் கடைகடையாக ஏறி இறங்குகிறார். ஐந்நூறு பேரைப் பெயர் சொல்லி அழைக்கும் நிலையை அடைகிறார். தாளில் அச்சிட்டதைக் காட்டிலும் அந்த நடையே பெரிய காரியம் எனலாம்.

வதந்தியின் இயல்பு

1993 ஜனவரியில், கடல் வழியாகப் பகைவர் ஆயுதங்களுடன் வந்திறங்கப் போகின்றனர் என்ற வதந்தி பம்பாயில் பரவியது. படித்த மக்களும் இரவில் கடற்கரையில் காவல் நின்றனர். இத்தகைய வதந்தியைப்பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆராய்ச்சிக்கு வித்து இந்தியாவில் இடப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. ஜமுனா பிரசாத் என்னும் உளவியலார், அதிர்ச்சி உணரப்பட்டும் சேதம் நேராத பகுதியில் உலவிய வதந்திகளைத் தொகுத்து, 1935-இல் வெளியிட்டார். ஆறுதல் தரும் செய்திகளை மக்கள் பரப்பியிருப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவர்களோ, இதனினும் கொடிய அழிவு வரப்போகிறது என்று பேசிக்கொண்டனர்! மாறாக, டார்ஜிலிங்கில் நிலச்சரிவினால் உண்மையாகவே அழிவைக் கண்ட மக்களிடையே அத்தகைய மிகைப்பட்ட வதந்தி இல்லை என்பதைத் துர்கானந்த சின்ஹா 1952-இல் எடுத்துக் காட்டினார்.

அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் இவ்விரு ஆய்வுகளையும் ஒப்பிட்டார். அஞ்சிக்கொண்டிருப்பவனுக்குத் தன் அச்சத்துக்கு ஏற்ற காரணம் ஒன்று தேவைப்படுகிறது. கண்முன் காரணம் இல்லையெனில் அதை அவன் படைத்துக்கொள்கிறான். 1957-இல் அவர் வெளியிட்ட மனமுரண் கொள்கைக்கு இது தூண்டுகோலாயிற்று. இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. "அது பொய்" என்று அறிவிப்பதால் மட்டும் வதந்தி அடங்காது. அச்சம் அப்படியே இருக்க, பழைய வதந்தியின் இடத்தில் புதியது முளைக்கும். மற்றப் பேட்டைக்கு நேரே சென்று பார்த்துவிட்டு வந்து, "அவர்களும் நம்மைப்போலவே கதவடைத்து அஞ்சி உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லத்தக்க ஓர் ஆள் வேண்டும். பிவண்டியில் குழு உறுப்பினர் அந்த ஆளாக இருந்தனர். வானொலியும் துண்டுப் பிரசுரமும் சென்ற இடத்தில் இன்று கைத்தொலைபேசி செல்கிறது. வதந்தியின் வேகம் பெருகியுள்ளதேயன்றி அதன் இயல்பு மாறியதாகத் தோன்றவில்லை.

முன்கூட்டியே கண்டறிய இயலுமா?

பயங்கரவாதச் செயலில் இறங்கக்கூடிய தனிமனிதரை முன்கூட்டியே அடையாளம் காணும் வழி உண்டா என்று அரசுகள் ஆராய்ச்சியாளரைக் கேட்பது வழக்கம். இதற்கு விடை கூறுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். பத்து இலட்சம் மக்கள் உள்ள ஒரு கற்பனை நகரைக் கொள்க. அவருள் பத்துப் பேர் மெய்யாகவே கொடுஞ்செயல் புரியக்கூடியவர் என்க. அவர்களைக் கண்டறியும் சோதனை ஒன்று இருக்கிறது. அது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகவே சொல்லும் என்றும் வைத்துக்கொள்க. அத்தகைய சோதனை உலகில் எங்கும் இல்லை என்பது ஒருபுறமிருக்கட்டும். அச்சோதனை அப்பத்துப் பேரையும் பிடித்துவிடலாம். அதே வேளையில், குற்றமற்ற 9,99,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம், ஏறத்தாழ 10,000 பேரையும் அது குற்றவாளி என்று சுட்டும். சுட்டப்பட்ட ஆயிரம் பேரில் ஒருவரே மெய்யாக அபாயமானவர். எஞ்சிய 999 பேர் வீணே சந்தேகத்துக்கு ஆளானவர். சோதனையில் குறையில்லை, தேடப்படும் பொருள் மிக அரிதாயிருப்பதே தொல்லை.

அவ்வாறு சுட்டப்படும் பதினாயிரம் பேரும் நகரெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. சந்தேகம் எப்போதும் சில பேட்டைகளை நோக்கியே செல்லும். தேவ்நாரும் கோவண்டியும் மான்குர்தும் அடங்கிய 'எம் கிழக்கு' வட்டத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 2009-ஆம் ஆண்டில் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, நகரின் 24 வட்டங்களில் இதனையே கடைசியாக வைத்தது. குப்பை மேட்டின் அடிவாரத்தில் வசிக்கும் இளைஞன் வேலை தேடிச் செல்லுமிடத்தில் தன் விலாசத்தைக் கூறத் தயங்குவான். விலாசமே குற்றச்சாட்டாகும் நிலை அது. ரெக்லெஸ் கூறிய காப்புறை, தன்னைப்பற்றித் தானே கொள்ளும் நல்லெண்ணம் அன்றோ? பேட்டை முழுவதையும் சந்தேகிக்கும் தடுப்பு முறை, முதலில் கிழிப்பது அந்த உறையைத்தான். தேவ்நார்க் கழகம் தன் பவள விழா ஆண்டான 2011-இல் இவ்வட்டத்தையே ஆராய்ச்சிக் களமாகக் கொண்டு, தண்ணீர், பள்ளி, மருத்துவம், பிழைப்பு ஆகியவற்றைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. வன்முறைத் தடுப்பு என்ற பெயர் அத்திட்டத்துக்கு இடப்படவில்லை; இடாததே நல்லது.

சோதனை முறையால் அறியப்பட்டவை

அண்மைக் காலத்தில் மருந்தைச் சோதிப்பதுபோல் சமூக நடவடிக்கைகளையும் சோதிக்கும் முறை வளர்ந்துள்ளது. ஒரு பிரிவினருக்கு நடவடிக்கை, மற்றொரு பிரிவினருக்கு இல்லை. எவர் எப்பிரிவு என்பது குலுக்கல் முறையில். உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்னும் பொருளாதார அறிஞர், 1,261 இளைஞரைக் கொண்டு கிரிக்கெட் ஆட்டத் தொடர் ஒன்றை நடத்தினார். பல சாதியினர் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு பெருகியது. எதிரெதிர் அணிகளில் மோதியபோது அவ்வாறு இல்லை. இவ்வாய்வு 2021-இல் வெளிவந்தது. "பழகினால் பகை தீரும்" என்று பொதுவாகச் சொல்வதை, "ஒரே பக்கம் நின்று பழகினால்" என்று திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதைக் கூறியிருந்தார். சமநிலையும் பொதுக் குறிக்கோளும் இல்லாத பழக்கம் பயன் தராது என்றார். ஈராக்கில் சல்மா மூசா என்பார் கால்பந்து அணிகளைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையோ ஓர் எல்லையையும் காட்டியது. கிறிஸ்தவ ஆட்டக்காரர் தம் முஸ்லிம் சகாக்களுடன் நன்கு பழகினர். மைதானத்துக்கு வெளியே அறிமுகமற்ற முஸ்லிம்களிடம் அந்நட்பு பெரிதும் நீளவில்லை.

லைபீரிய நாட்டு மன்ரோவியா நகரில் நடந்தது மற்றொன்று. களவிலும் அடிதடியிலும் பழகிய 999 இளைஞரைத் தேர்ந்து, ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் மனப்பயிற்சியும், ஒரு பிரிவினருக்கு 200 டாலர் பணமும், ஒரு பிரிவினருக்கு இரண்டும் கொடுத்தனர். இரண்டையும் பெற்றோரிடமே நற்பயன் நிலைத்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் அது காணப்பட்டது. அறிவுரை மட்டுமோ பணம் மட்டுமோ அவ்வளவு காலம் நிற்கவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இவ்வாராய்ச்சி தொலைவானதன்று. 1998 பிப்ரவரி 14-இல் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். அதற்கு மூன்று மாதம் முன்பு அந்நகரில் கலவரம் நிகழ்ந்திருந்தது. பம்பாயில் கண்ட அதே வரிசை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவரால் சாதிக் காழ்ப்பில் வெட்டப்பட்ட பின், நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அணி பிரிக்கப்பட்டே வளரும் மாணவரை ஒரே அணியில் எவ்வாறு நிறுத்துவது என்பதே அங்கும் கேள்வி.

தேவ்நார்க் கழகத்தின் செயல்முறை ஒன்று இதற்கு முன்பே இருந்து வருகிறது. 1984-ஆம் ஆண்டில் அது பம்பாய்ப் போலீஸ் ஆணையர் அலுவலகத்துக்குள்ளேயே, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கிப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரை அங்கே அமர்த்தியது. அடிபட்டு வரும் பெண், காவலரின் மேசையைக் கடந்து சில அடி சென்றால் அவரைக் காணலாம். மகாராஷ்டிர அரசு பின்னர் இத்திட்டத்தைத் தானே ஏற்று மாவட்டங்களுக்கு விரித்தது. வீட்டினுள் நிகழும் வன்முறைக்காக ஏற்பட்டதே அம்மேசை. தெருவில் நிகழ்வதற்கும் அப்படியொரு மேசையைக் காவல் நிலையத்தில் போட்டு, அதன் பயனைப் பிவண்டிபோல் ஓர் ஊரில் மட்டுமன்றி இணையூர்களை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், கோபடேயின் சோதனையில் விடுபட்ட பாதி நிறைவேறும்.